சில நேரம் மட்டும் நின்றுபோகும் கணினி: ராசி அல்ல, காரணம் இருக்கிறது

ஜொகூர் பாரு - கடையில் கணக்கு பார்க்கும் கணினி காலையில் ஒழுங்காக ஓடும். மதியம் திடீரென நீலத்திரை காட்டி நின்றுவிடும். மீண்டும் முடுக்கினால், ஒன்றுமே நடக்காததுபோல் வேலை செய்யும். நாமும் "ராசி சரியில்லை" என்று விட்டுவிடுகிறோம், அல்லது எல்லாவற்றையும் அழித்து ஃபார்மெட் செய்துவிடுகிறோம். இரண்டிலும் காரணம் தெரியாமலேயே போகிறது.

2024 ஜூலை 19ஆம் தேதி நடந்ததை நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான கோப்பு ஒன்று, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. மலேசியாவில் ஏர் ஆசியா பயணிகள் பதிவும் கேடிஎம்பி டிக்கெட் முறையும் பாதிக்கப்பட்டன. அரசுத் துறைகள் 5, நிறுவனங்கள் 9 பாதிக்கப்பட்டதாக இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ தெரிவித்தார்.

ஒன்று விழுந்தால் எல்லாம் விழுவது ஏன்?

செம்பனை ஆலையில் ஒரு லாரி பழுதானால் மற்ற லாரிகள் ஓடும். கொதிகலன் நின்றால் ஆலையே நிற்கும். கணினியும் அப்படித்தான். பாட்டு கேட்கும் செயலி நின்றால் அது மட்டும் மூடிக்கொள்ளும். வைரஸைப் பிடிக்கும் மென்பொருளோ கணினியின் மையமான கெர்னல் வரை உயர் அனுமதியுடன் இயங்குகிறது. அங்கே பிழை நேர்ந்தால், தரவுகள் மேலும் கெடாமல் இருக்க விண்டோஸ் தானே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. அதுதான் நீலத்திரை.

நேற்று வரை ஓடியது எப்படி?

ஆகஸ்ட் 6ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் வெளியிட்ட அறிக்கை இதற்குப் பதில் தந்தது. அந்த மென்பொருள் 20 விவரங்களை மட்டுமே கொடுத்தது. விதியோ 21 விவரங்கள் என்றிருந்தது. தோட்டத்துக் கிராணியின் செக்ரோலில் 20 கட்டம்தான் உண்டு. "21ஆம் கட்டத்தில் எது இருந்தாலும் பரவாயில்லை" என்று உத்தரவு வந்தவரை யாரும் அதைத் தேடவில்லை. ஜூலை 19 அன்று முதன்முறையாக "21ஐப் பார்" என்று உத்தரவு வந்தது. மென்பொருள் இல்லாத இடத்தைப் படிக்கப் போய் விழுந்தது. பிழை மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தது. அதைத் தொடும் சூழ்நிலைதான் அன்று வந்தது.

எல்லாக் கணினிகளும் விழவும் இல்லை. மலேசிய நேரப்படி பகல் 12.09க்கு வந்த கோப்பு 1.27க்குத் திரும்பப் பெறப்பட்டது. அன்று வெள்ளிக்கிழமை, ஜொகூரில் அப்போது அரசு வார விடுமுறை. அந்த 78 நிமிடமும் மூடிக் கிடந்த கணினிக்குப் பிழையான கோப்பு போய்ச் சேர வழியில்லை. விழுந்த கணினிகளில் சில, பலமுறை மீண்டும் முடுக்கியதும் எழுந்தன. விழுவதற்குள் திருத்திய கோப்பு வந்து சேர்ந்தால் பிழைத்தன. மைக்ரோசாஃப்ட் 15 முறை வரைகூட முயலச் சொன்னது. வெளியிலிருந்து பார்த்தால் அதிர்ஷ்டம்போல் தெரியும். உள்ளே ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருந்தது.

நாம் செய்ய வேண்டியவை

* நீலத்திரை வந்தால் உடனே கைப்பேசியில் படம் எடுங்கள். அதிலுள்ள பிழைக்குறியீடும் கோப்பின் பெயரும் முக்கியம்.
* தேதி, நேரம், அப்போது செய்த வேலை, அண்மையில் சேர்த்த மென்பொருள் அல்லது கருவி ஆகியவற்றை எழுதி வையுங்கள். மூன்று நான்கு முறை எழுதினால் பொதுவான ஒன்று கண்ணில் படும்.
* விண்டோஸ் கோப்புறைக்குள் 'மினிடம்ப்' என்ற இடத்தில் விழுந்த நேரத்துப் பதிவு இருக்கலாம். பழுதுபார்ப்பவர் அதைப் பார்க்கும் முன் ஃபார்மெட் செய்யாதீர்கள்.
* சந்தேகப்படும் மென்பொருள்களை ஒன்றொன்றாக நீக்கிப் பாருங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.
* கேட்கும் மென்பொருளுக்கெல்லாம் நிர்வாகி அனுமதி கொடுக்காதீர்கள்.
* பிட்லாக்கர் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். 2024இல் அது கைவசம் இல்லாத இடங்களில் பழுதுபார்ப்பது மேலும் இழுத்தது.

எப்போதாவது வரும் பழுதைப் பிடிப்பதுதான் கடினம். அது வந்துபோன தடயத்தை அழிக்காமல் வைத்திருந்தால், பாதி வேலை முடிந்த மாதிரி.