பகைவர் கையில் ஒலித்த வானொலி

பகைவர் வசமாகிவிட்ட நாட்டில் மறைந்திருந்து போராடுவோர்க்கு வானொலிக் கருவி உயிர்நாடி போன்றது. அக்கருவியே பகைவர் கைப்பட்டால் விளைவது யாது என்பதற்கு, இரண்டாவது உலக மகாயுத்த காலத்து ஒல்லாந்து சான்றாகும்.

1940 மே மாதத்தில் ஜெர்மானியர் ஒல்லாந்தைக் கைப்பற்றினர். அங்கே எதிர்ப்பியக்கத்தை வளர்க்கும் பொருட்டு, பிரித்தானியரின் விசேட நடவடிக்கைப் பிரிவு ஒல்லாந்து வீரரைப் பயிற்றிப் பரசூட் மூலம் இறக்கியது. அவ்வாறு 1941 நவம்பரில் இறங்கிய ஹூப் லாவர்ஸ், 1942 மார்ச் 6ஆந் திகதி ஹேக் நகரில் பிடிபட்டார். கருவியும் அகப்பட்டது.

ஜெர்மானிய எதிர்வேவுப் பிரிவைச் சேர்ந்த ஹெர்மன் கிஸ்கஸ், ஒன்றுமே நேராதது போல இலண்டனுக்குச் செய்தி அனுப்பும்படி அவரைப் பணித்தார். லாவர்ஸ் இணங்கினார், அதற்குக் காரணம் உண்டு. பதினாறாவது எழுத்துத்தோறும் வேண்டுமென்றே ஒரு பிழை செய்தல் வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட இரகசிய ஏற்பாடு. பிழை இல்லையேல், அனுப்புபவர் சிறைப்பட்டார் என்பது பொருள். ஜெர்மானியர் வினவியபோது பொய்யான அடையாளமொன்றைக் கூறிச் சமாளித்த லாவர்ஸ், உண்மை அடையாளம் இன்றியே செய்தியை அனுப்பினார்.

இலண்டன் அதனைப் பொருட்படுத்தவில்லை! அவசரத்தில் மறந்துவிட்டார் என எண்ணினர் போலும். 'பிடிபட்டேன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் செய்தியினிடையே நுழைத்துப் பார்த்தார், அதுவும் பயன்படவில்லை. அதன்பின் நள்ளிரவில் விளக்குக் காட்டி, வந்திறங்கிய வீரரை வரவேற்றவர்கள் ஜெர்மானியரின் ஆட்களே. ஐம்பதுக்கு மேற்பட்டோர் இவ்வாறு அகப்பட்டனர். அவர்களுடைய கருவிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பொய் பேசலாயின. குறியீட்டுப் பிரிவிலிருந்த லியோ மார்க்ஸ் என்னும் இளைஞர் ஒன்றைக் கவனித்தார். ஏனைய நாடுகளிலிருந்து வரும் செய்திகளில் குறியீட்டுத் தவறுகள் மலிந்திருந்தன. ஒல்லாந்துச் செய்திகளோ குற்றமற்று வந்தன. உயிருக்கு அஞ்சி ஒளிந்திருப்பவன் அத்துணைச் செம்மையாக எழுதுவானா? அவர் எழுப்பிய ஐயம் மேலிடத்தில் எடுபடவில்லை.

1943 ஆகஸ்டு இறுதியில் டூர்லைன், உபிங்க் என்னும் இருவர் ஹாரன் சிறையிலிருந்து தப்பி, சுவிட்சர்லாந்தை அடைந்து உண்மையை அறிவித்தனர். கிஸ்கஸ் முந்திக்கொண்டார். அவ்விருவரும் ஜெர்மானியர் பக்கம் சேர்ந்துவிட்டனர் என்று, கைப்பற்றிய கருவி மூலமே இலண்டனுக்குச் செய்தி விடுத்தார். இன்னல் பல கடந்து 1944இல் பிரித்தானியாவை அடைந்தவர்களுக்குக் கிடைத்தது சிறை.

ஆயினும் இலண்டனின் ஐயம் முற்றியது. இனி ஏய்க்க இயலாதெனக் கண்ட கிஸ்கஸ், 1944 ஏப்பிரல் 1ஆந் திகதி, குறியீடின்றி வெளிப்படையாகவே ஓர் ஏளனச் செய்தியை அனுப்பி ஆட்டத்தை முடித்தார். அவ்வாண்டு செப்டெம்பரில், சிறைப்பட்டோருள் பெரும்பாலோர் மவுத்தவுசன் முகாமில் கொல்லப்பட்டனர். லாவர்ஸ் உயிர் தப்பினார். யுத்தத்தின்பின் ஒல்லாந்துப் பாராளுமன்ற விசாரணைக் குழு, இலண்டனில் நிகழ்ந்தது துரோகமன்று, பெருந்தவறே என முடிவு கூறிற்று.