பச்சை உடம்புக்காரிக்குக் காய்ச்சலா? ‘பால் கட்டு’ என்று விட்டுவிடாதீர்கள்

வீட்டுக்கு வந்த பிறகு

காங்கேயம் பக்கத்துப் பெண்கள் பலருக்குப் பிரசவம் திருப்பூரிலோ கோவையிலோ நடக்கிறது. சில நாட்களில் தாய்வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். தொற்று பெரும்பாலும் தலைகாட்டுவது அதற்குப் பிறகுதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஏறத்தாழ 45 சிசேரியன். சிசேரியனுக்குப் பின் கருப்பையில் தொற்று வரும் வாய்ப்பு சுகப்பிரசவத்தைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் “ஆஸ்பத்திரியில்தானே பெத்தாள்” என்ற தைரியத்தில் நான்கைந்து நாள் காய்ச்சலை வீட்டிலேயே வைத்துப் பார்த்துவிட்டு, நடக்க முடியாத நிலையில் அழைத்து வருகிறார்கள்.

பால் கட்டினால் காய்ச்சல் வராதா?

வரும். முதல் சில நாட்களில் மார்பு கனத்து உடம்பு சுடுவது உண்மைதான். பால் இறங்கினால் ஒரு நாளுக்குள் தணிந்தும்விடும். 100.4 டிகிரியைத் தாண்டி நீடிக்கும் காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, நாற்றமுள்ள உதிரப்போக்கு, தையலில் சீழ் இவற்றுக்கும் பால் கட்டுக்கும் சம்பந்தமில்லை. மெடிக்கலில் வாங்கிய மாத்திரை காய்ச்சலை மட்டும் மறைக்கும்; கிருமி உள்ளே பெருகிக்கொண்டிருக்கும். யாருக்கோ வாங்கி மிஞ்சிய ஆன்டிபயாடிக்கை இரண்டு வேளை போட்டுவிட்டு வருவது அதைவிடக் கெடுதல். மார்பிலேயே தொற்று என்றால் உடனே பால் கொடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் பால் தேங்கிச் சீழ் கட்டலாம். தொடர்ந்து கொடுப்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததே.

ஜன்னி பயமும் தண்ணீர்த் தடையும்

பிரசவ ஜன்னி ஆளைக் கொல்லும் என்று பெரியவர்கள் பயந்ததில் தவறில்லை. குளிர்ச்சியும் தண்ணீரும் அதைக் கொண்டுவரும் என்பதுதான் தவறு. வியன்னா மருத்துவமனையில் 1846-இல் ஒரு பிரசவப் பிரிவில் மட்டும் நூற்றுக்குப் பதினொரு தாய்மார் இறந்தார்கள். பிணப் பரிசோதனை முடித்து வந்த மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கைகழுவ வைத்தார் அங்கு பணிபுரிந்த மருத்துவர் செம்மல்வைஸ். 1848-இல் அந்த இறப்பு நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றாகக் குறைந்தது. காரணம் குளிர்ச்சியல்ல, கை. ஜன்னிக்குப் பயந்து தாய் குடிக்கும் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்றுக்கு இடம் கொடுக்கிறோம். தையலில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினால் அந்த ஈரத்தோடு கிருமியும் ஏறும். “அந்தக் காலத்தில் இப்படித்தானே பெத்தோம்” என்பவர்கள் பிழைத்தவர்கள். பிழைக்காதவர்கள் கணக்கு அந்தப் பேச்சில் வருவதில்லை.

சிகிச்சை எளிது, தாமதமே சிக்கல்

இரத்தம், சிறுநீர், ஸ்கேன் பார்ப்பார்கள். கருப்பைத் தொற்றுக்கு நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். நஞ்சுக்கொடித் துணுக்கு தங்கியிருந்தால் அகற்ற வேண்டும். பால் கொடுக்கும்போதே தரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. தொற்று இரத்தத்தில் கலந்து, மூச்சு வாங்கி, பேச்சுக் குழறி, சிறுநீர் குறைந்த பிறகு வந்தால் தீவிர சிகிச்சைதான். அதிலும் சிலரைக் காப்பாற்ற முடிவதில்லை.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். பிள்ளையையும் தாயையும் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிரசவமாகி 42 நாட்களுக்குள் காய்ச்சல் 100.4 காட்டினால், ராத்திரியானாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.