சரோவரைச் சுற்றிய பின் எங்கே போகிறோம்?

கொல்கத்தாவின் ரவீந்திர சரோவரை விடியற்காலையில் சுற்றுகிறவர்களில் லேக் கார்டன்ஸ்காரர்கள் நிறையப் பேர். தண்டவாளத்தைத் தாண்டினால் ஏரி. கைவீசி நடப்பார்கள், மரத்தடியில் மூச்சுப்பயிற்சி செய்வார்கள், வட்டமாக நின்று வாய்விட்டுச் சிரிப்பார்கள். முடித்து வெளியே வந்ததும் அதே கூட்டத்தில் ஒரு பகுதி கச்சோரிக் கடை முன்னால் நிற்கும். நாலு கச்சோரி, உருளைக்கிழங்குக் கறி, இரண்டு ஜிலேபி, சர்க்கரை தூக்கலாக ஒரு பால் டீ. சிலருக்கு அதன்மேல் ஒரு சிகரெட்.

கேலிக்காக இதைச் சொல்லவில்லை. நடையும் பழக்கம், ஜிலேபியும் பழக்கம். இரண்டும் ஒரே ஆளிடம் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. மனவுறுதி இல்லாதவர் குளிர்காலத்தில் ஐந்து மணிக்கு எழுந்து ஏரிக்கு வருவாரா? ஆகவே, "உனக்கு மனவுறுதி போதாது" என்று வீட்டில் சொல்லும் விளக்கம் பாதிதான் சரி. பழக்கம் ஓர் இடத்தையும் ஒரு நேரத்தையும் சில முகங்களையும் பற்றிக்கொண்டு வளர்வது. அந்தப் பிடி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் ஆளை மட்டும் திட்டிப் பயனில்லை.

எப்போது அது சிக்கல்?

வேலை கிடைத்துக் கொல்கத்தா வந்த ஒரு தமிழ் இளைஞருக்கு மாலை நேர அட்டா, அதாவது கூடியிருந்து அரட்டை அடிப்பது, பெரிய வரம். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால் அக்கம்பக்கத்துப் பாரா முழுவதும் பழக்கமாகிவிடும். மொழி வரும், தனிமை போகும். அதை விடச் சொல்கிற மருத்துவரை நானே நம்ப மாட்டேன். ஆனால் அந்தப் பெஞ்சில் நட்போடு சேர்ந்து வேறு சிலவும் கைக்கு வந்து சேர்கின்றன. 2016-17-இல் எடுத்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, ஏதாவதொரு வகையில் புகையிலை பயன்படுத்துவோர் தமிழ்நாட்டில் 100-க்கு 20 பேர். மேற்கு வங்கத்தில் 33-க்கும் மேல். ஊரில் தொடாதவர் இங்கே தொடுவதில் ஆச்சரியமில்லை.

தூங்கி எழுந்த அரைமணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டோ கைனிப் புகையிலையோ வேண்டியிருந்தால், அது பொழுதுபோக்கைத் தாண்டிவிட்டது என்று பொருள். நிக்கோட்டின் சார்பை அளக்க மருத்துவர்கள் கேட்கும் முக்கியமான கேள்வி இதுதான். மனைவியிடம் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வது, "நேற்றே முடிவு செய்தேனே" என்று நினைத்தபடியே கை கடைக்காரரிடம் நீள்வது, இவையும் அப்படியே.

இன்னொரு அடையாளம் உடம்பில் தெரியாது. செய்ய நினைத்த காரியம் எத்தனை வருடமாகத் தள்ளிப்போகிறது என்று பாருங்கள். பத்து, பதினைந்து வருடம் இங்கே இருந்தும், வங்காளம் சரளமாகப் பேசியும், கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத தமிழர்கள் நம்மில் உண்டு. வங்க எழுத்தைக் கற்க மாதக்கணக்காகாது. தினமும் அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி எங்கே போயிற்று என்று தேடினால், அதை எடுத்துக்கொண்ட பழக்கம் அகப்பட்டுவிடும். துறைத் தேர்வு, பாதியில் நின்ற வீணை, சர்க்கரை அளவைப் பரிசோதிப்பது, எதை வேண்டுமானாலும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள்

இடத்துக்கும் பழக்கத்துக்கும் உள்ள உறவைக் காட்ட இதைவிடத் தெளிவான சம்பவம் எனக்குத் தெரியாது. 1971-இல் வியட்நாமிலிருந்த அமெரிக்கப் படைவீரர்களிடையே ஹெராயின் பரவியிருந்தது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர், ஊர் திரும்பியவர்களைத் தொடர்ந்து விசாரித்தார். அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தார். அப்படி அடிமையானவர்களில், ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மீண்டும் அடிமையானவர்கள் 100-க்கு 5 பேர் அளவில்தான். அந்த முகாம் இல்லை, அந்தத் தோழர்கள் இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் பொட்டலமும் இல்லை. எல்லாப் போதைக்கும் இது அப்படியே பொருந்தாது என்பது உண்மை. ஆனாலும் இடம் மாறினால் பிடி தளரும் என்பதை அதற்குப் பின் யாரும் லேசாக ஒதுக்க முடியவில்லை.

மூளைக்குள் நடப்பது எளிதான கதை. திரும்பத் திரும்பச் செய்யும் செயலை மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள நரம்பு முடிச்சுகள் ஒரே தொடராகக் கட்டி வைத்துக்கொள்கின்றன. பிறகு தொடக்கக் குறிப்பு ஒன்று கிடைத்தால் போதும், மீதி தானாக ஓடும். மண்குவளையில் டீ வந்ததும் சட்டைப் பைக்குக் கை போவது அதனால்தான்.

பெஞ்சை விடாமல் சிகரெட்டை விடுவது

ஊரை மாற்ற முடியாது, குறிப்பை மாற்றலாம். ஒரு வாரம் எதையும் நிறுத்த வேண்டாம். எத்தனை மணிக்கு, எங்கே, யாருடன், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று மட்டும் எழுதி வாருங்கள். பத்து சிகரெட்டில் ஆறு ஒரே திருப்பத்தில் நடப்பது தெரியவரலாம். அலுவலகத்திலிருந்து திரும்பும்போது அந்தக் கடையைத் தொடாத சந்து வழியாக வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, பிறகு அட்டாவுக்குப் போகலாம். பெஞ்சில் இதுவரை உட்கார்ந்த மூலையை மாற்றிப் பார்க்கலாம். பால் டீக்குப் பதில், சர்க்கரையில்லாத எலுமிச்சை டீ. நண்பர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது: "தாதா, இனிமேல் எனக்கு நீட்டாதீங்க." முதல் வாரம் கிண்டல் இருக்கும். வங்காளிக்குக் கிண்டல் செய்ய விஷயம் கிடைத்தால் விடமாட்டார்.

இருபத்தொரு நாளில் பழக்கம் மாறிவிடும் என்று சொல்கிறவர்களை நம்பி ஏமாற வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் செய்த ஆய்வில், ஒரு புதிய பழக்கம் படிய 66 நாள் அளவில் ஆயிற்று. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாள் முதல் 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பின்னடைவு வரவில்லை. ஜகத்தாத்ரி பூஜை மாலையில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டதால் எல்லாம் போயிற்று என்று ஒரு பாக்கெட் வாங்குவதுதான் உண்மையான சறுக்கல்.

கைபேசிக்கும் இதே வழிதான். படுக்கையறைக்கு வெளியே சார்ஜரை மாட்டி, எழுப்ப ஒரு பழைய அலாரம் கடிகாரம் வாங்கினால் போதும். பதினொரு மணிக்குத் தலைமாட்டில் கைபேசி இருக்கும்வரை, "பத்து நிமிடம்தான்" என்ற வாக்குக்கு மதிப்பில்லை.

தனியாக முடியாதபோது

நிக்கோட்டினை நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, பசி எல்லாம் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். நிக்கோட்டின் சூயிங்கம் போன்றவற்றை மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். புகையிலையை விட உதவும் தேசியத் தொலைபேசி எண் 1800-11-2356. மன உளைச்சலும் சேர்ந்திருந்தால் டெலி-மானஸ் 14416, கட்டணமில்லை.

மதுவுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பல காலமாகத் தினமும் அதிகமாகக் குடிப்பவர் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. நடுக்கம், வலிப்பு, குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

வெற்றிலைப் பெட்டி

வெற்றிலை பாக்கைப் போதையோடு சேர்க்க நம் வீட்டுப் பெரியவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. சாப்பாட்டுக்குப் பின் ஒரு பான், அதில் ஒரு சிட்டிகை ஜர்தா. "நான் சிகரெட் தொட்டதே இல்லை" என்பார்கள். ஜர்தா புகையிலைதான். புகையிலை சேர்க்காவிட்டாலும், பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. வாயைத் திறப்பது கஷ்டமாவது, காரம் பட்டால் எரிவது, உள்கன்னம் விறைப்பது ஆகியவை பாக்கினால் வரும் நார்த்திசுக் கோளாறின் ஆரம்பம். பல் துலக்கும்போது கண்ணாடி முன் கன்னத்தை இழுத்து, நாக்கைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணோ இருந்தால், வலி இல்லையே என்று தள்ளிப்போடாமல் பல் மருத்துவரிடம் போங்கள். அவர் அனுப்பிவைத்தால், ஹாஸ்ராவில் இருக்கிறது சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிலையம்.