மயக்க ஊசி ஏன் போடுகிறார்கள்?

மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் அடிக்கடி எழும் சண்டை இது. "பிள்ளையை நாலு பேர் அமுக்கிப் பிடித்து ஊசி போட்டு மயக்கிவிட்டார்களே!" என்று தாய் கதறுவார். வெளியே காத்திருப்பவர்களுக்கும், தொல்லை தாங்காமல் அவனை அடக்கிவிட்டதாகவே தோன்றும்.

திமிறுவதே உயிருக்கு ஆபத்து என்பது பலருக்குத் தெரிவதில்லை. சியாபு உட்கொண்ட ஒருவர் மணிக்கணக்கில் கட்டிலோடு போராடினால் உடற்சூடு 40 பாகை செல்சியஸைத் தாண்டலாம். தசைகள் சிதைந்து சிறுநீரகம் கெடும். இரத்தத்தில் அமிலம் கூடி இதயமே நின்றுபோகலாம். வெறுமனே கட்டிப்போட்டால் அவர் இன்னும் திமிறுவார். குப்புறக் கவிழ்த்து முதுகில் அமர்வது அதைவிட மோசம். கட்டு சற்று நேரத்திற்குத்தான். சிகிச்சை என்பது மருந்து. மிடாசொலாம் என்ற மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றினால் சில நிமிடங்களில் வேலை செய்யும். கையைப் பிடிக்கவே முடியாதவருக்குத் தொடையில் போடுவார்கள், சற்றுத் தாமதமாகும். அது மூச்சையும் குறைக்கக்கூடியது. அதனால்தான் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டி, தாதி பக்கத்திலேயே நிற்கிறார்.

விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பதும் இதில் அடக்கம். இனிப்புநீர் நோயாளிக்கு இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டால், குடித்தவரைப் போலவே உளறுவார், அடிக்கவும் வருவார். அவருக்குத் தேவை குளுக்கோஸ்.

நஞ்சு விஷயத்தில் கதையே மாறிவிடும். நம் வீடுகளில் தைலம் இல்லாத அலமாரி ஏது? சில தைலங்களில் விண்டர்கிரீன் எண்ணெய் இருக்கும். கலப்பில்லாத அந்த எண்ணெய் ஒரு தேக்கரண்டி, 20 ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கும் மேல். குடித்துவிட்ட குழந்தை புரளும், வேகமாக மூச்சு வாங்கும். அந்த மூச்சுதான் இரத்தத்தில் ஏறும் அமிலத்தைச் சமாளிக்கிறது. அமைதிப்படுத்துவதாக எண்ணி மயக்க மருந்து கொடுத்து மூச்சு மெதுவானால், நஞ்சு மூளைக்குள் புகுந்துவிடும். ஒருவரைக் காப்பாற்றும் ஊசி இன்னொருவரைக் கொல்லலாம்.

ஆகவே மருத்துவர் முதலில் கேட்பது, "என்ன சாப்பிட்டார்?" என்பதையே. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்திடம் ஆலோசனை கேட்கவும் அந்தப் பெயர் வேண்டும். வீட்டாரோ வாய் திறப்பதில்லை. தற்கொலை முயற்சி குற்றமாக இருந்த காலத்தில் போலீஸ் பயம். சிங்கப்பூரில் 2020-லும் மலேசியாவில் 2023-லும் அந்தச் சட்டப் பிரிவு நீங்கியது. வெட்கம் இன்னும் நீங்கவில்லை. "வயிற்று வலி, டாக்டர்" என்று சொல்லி அரை மணி நேரத்தை வீணாக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

போத்தலோ மாத்திரை அட்டையோ எது கிடைத்தாலும் கையோடு கொண்டு செல்லுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதைச் சொல்லுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.