ஆழமில்லாக் கணப்படுப்பும் அதற்கேற்ற இரும்படுப்பும்

இலண்டன் மாநகரிலே குடியேறிய நம்மவருட் பலர் நூறாண்டுக்கு மேற்பட்ட வீடுகளை வாங்கி வாழ்கின்றனர். அவ்வீடுகளின் வரவேற்பறைச் சுவரிலே கணப்படுப்பு ஒன்று அமைந்திருக்கும். நுவரெலியாவின் பழைய பங்களாக்களுட் புகுந்தவர்கள் அதனை அறிவர். பார்வைக்கு இனியதாயினும் திறந்த கணப்பு பயனிற் குறைந்தது. எரியும் விறகின் வெப்பத்திற் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வெளியேறிவிடுகிறது; அறையில் முன்னரே சூடேறியிருந்த காற்றையும் அது தன்னோடு இழுத்துச் செல்கிறது. ஆதலாற் கண்ணாடிக் கதவுடைய இரும்படுப்பை அக்குழியினுட் பொருத்தும் வழக்கம் பரவியுள்ளது. ஆனால், ஆசையோடு வாங்கிவந்த அடுப்பு பாதி உள்ளும் பாதி வெளியுமாக நிற்கும். குழியின் ஆழம் போதாமையே காரணம்.

குழியை ஏன் ஆழமின்றிக் கட்டினர்? பீரங்கிக் குழல்களைத் துளையிடுகையில் எழும் வெப்பத்தை ஆராய்ந்து, வெப்பம் ஒரு பொருளன்று, இயக்கமே என்று 1798ஆம் ஆண்டில் எழுதிய றம்போட் பிரபுவைப் பௌதிகம் கற்கும் மாணவர் அறிவர். அவரே 1796இல் கணப்படுப்பைப் பற்றியும் எழுதினார். பின்சுவரை முன்னே கொணர்க, பக்கச் சுவர்களைச் சரிவாக்குக, புகை செல்லும் கழுத்தை நான்கு அங்குலமளவாக ஒடுக்குக என்பன அவர் கூறிய திருத்தங்கள். சரிந்த சுவர்கள் வெப்பத்தை அறையை நோக்கி வீசும். ஒடுங்கிய கழுத்து வீணே காற்றை விழுங்காது. எனவே ஆழமின்மை அக்காலத்தில் ஒரு குறையன்று, சிறப்பேயாம்.

விக்டோரியா மகாராணி காலத்து (1837–1901) வீடுகளின் கதை சற்று வேறு. நிலக்கரி எரிப்பதற்குச் சிறு குழியே போதும். கட்டியோர் முதலிற் பெரிய வாய் விட்டுச் சுவரை எழுப்பினர். பின்னர் அதனுள் வார்ப்பிரும்புச் சட்டத்தை நிறுத்தி, பின்புறத்தைச் செங்கல் உடைவுகளால் நிரப்பினர். நாம் காணும் ஆழமற்ற குழி பெரும்பாலும் அச்சட்டத்தின் குழியே. உண்மைக் குழி அதன் பின்னே மறைந்து கிடக்கலாம்! ஆதலால், அடுப்புக் கடைக்குச் செல்லுமுன் அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு உள்ளே இருப்பதை ஆராய்விப்பதே முறை. சட்டத்தையும் இடிபாட்டையும் அகற்றியபின் பல வீடுகளிற் போதிய ஆழம் கிடைத்துவிடும். ஆயினும் வாயின் மேலுள்ள கல்லையோ வளைவையோ அசைத்தலாகாது. தொடர் வீடுகளிலே அயலாரின் கணப்பு அதே சுவரின் மறுபுறத்தில் முதுகோடு முதுகாக இருக்கக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

பின்னேயும் இடமில்லையெனின் வழி இரண்டு. குழியின் வாயோடு ஒட்டிப் பொருந்தும் உட்பொருத்து அடுப்பு ஒன்று. அறையில் இடம் மிஞ்சும். மற்றையது, பின்புறமாகப் புகைக்குழாய் செல்லும் தனியடுப்பை முன்னே தள்ளி நிறுத்துவது. பக்கங்களினின்றும் வெப்பம் வருதலால் இரண்டாவதையே யான் விரும்புவேன். ஆனால் அடுப்பின் முன்னே, தீப்பற்றாத கல்தளம் போதிய அளவு நீண்டிருத்தல் வேண்டும். கதவை மூடியே எரிக்கும் அடுப்பாயின் 225 மில்லிமீற்றரேனும், திறந்தும் எரிக்கத்தக்கதாயின் 300 மில்லிமீற்றரேனும் வேண்டுமென்பது இங்கிலாந்தின் கட்டட விதி. குழியை அளக்கும்போது முன் அகலத்தை மட்டும் அளந்தால் ஏமாற்றமே. சரிந்த சுவருடைய குழியிற் பின் அகலமும், அடியாழமும் மேலாழமும் தனித்தனியே அளக்கப்படல் வேண்டும்.

பெரிய அடுப்பே நன்றென்று எண்ணுவோர் பலர். அறையின் கனவளவைக் கனமீற்றரிற் கண்டு 14ஆற் பிரித்தால் வேண்டிய கிலோவாற்று ஏறத்தாழக் கிடைக்கும். 4.5 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் 2.7 மீற்றர் உயரமும் உள்ள அறைக்கு மூன்றரைக் கிலோவாற்றே போதும். அதற்கு எட்டுக் கிலோவாற்று அடுப்பை வாங்குபவர் வெக்கை தாளாது காற்று வழியை அடைத்து எரிப்பார். விறகு புகைந்து, புகைபோக்கியின் உட்புறத்தே தார் படியும். அத்தாரே ஒருநாள் தீப்பற்றும்.

பழைய புகைபோக்கியின் சாந்து உதிர்ந்திருக்குமாயின் புகை மேலறைகளுக்கும் அயல் வீட்டுக்கும் கசியும். எனவே துருப்பிடிக்காத உருக்குக் குழாயொன்றை உச்சிவரை உள்ளே இறக்குதல் நன்று. இச்செலவு சில வேளைகளில் அடுப்பின் விலையையும் மிஞ்சும், முன்னரே கணக்கிடுக.

1952 டிசம்பரில் இலண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. இன்றும் இலண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டு வட்டாரமே. அங்கே விறகெரிக்க அரசு விலக்களித்த அடுப்பாக இருத்தல் வேண்டும். விறகின் ஈரமும் நூற்றுக்கு இருபதை மிஞ்சலாகாது. நீர்க்குழாய் வழியே வீடு முழுவதும் சூடேறும் வசதியுள்ளோர்க்கு விறகடுப்பு வேண்டுவதுதானா என்பதும் எண்ணத்தக்கதே.

மகனோ மகளோ இத்தகைய வீட்டில் வாழின் பெற்றோர் தவறாது கேட்க வேண்டியதொன்றுண்டு. போதிய காற்றின்றி விறகு எரிகையிற் காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லவல்லது. அதனை உணர்ந்து ஒலிக்கும் சிறு கருவியை, அடுப்பினின்றும் ஒரு மீற்றருக்கும் மூன்று மீற்றருக்கும் இடைப்பட்ட தூரத்தில், கூரையுட்புறத்தே சுவரிலிருந்து 300 மில்லிமீற்றரேனும் விலக்கிப் பொருத்துவர். மாதமொருமுறை பொத்தானை அழுத்தி அது ஒலிக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும்.