கசப்பின் கூட்டாளிகள்

கரிசல் மருந்து – 9

எட்டயபுரத்துத் தரிசில் மேயும் வெள்ளாடு வேலிக்கருவை நெற்றையும் விடாது, கடைவாசலில் கிழிந்து தொங்கும் சுவரொட்டியையும் விடாது. நித்தியகல்யாணிச் செடியிடம் வந்தால் மட்டும் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். சுடுகாட்டு மல்லி என்று இன்னொரு பெயரும் அதற்கு உண்டு. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போதும் அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டு நிற்கும். இலை அத்தனை கசப்பு.

அந்தக் கசப்புக்குத்தான் விலை. கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1958-இல் இந்தச் செடியிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். தேடப்போனது சர்க்கரை நோய்க்கு மருந்து. கையில் அகப்பட்டதோ வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருள். அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின் 1963-இல் சந்தைக்கு வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இன்றைக்கும் அதற்கு இடம் உண்டு. வேரில் இருக்கும் அஜ்மாலிசின் ரத்த ஓட்டக் கோளாறுகளுக்குப் பயன்படுகிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சென்ற வாரம் பார்த்த அவுரி இலையைப் போலவே, தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரிக் காடுகளில் இதுவும் பணப்பயிர்.

ஆனால் விதை ஒன்றாக இருந்தாலும், ஒரு காட்டு வேரில் சத்து கூடுதலாகவும் பக்கத்துக் காட்டு வேரில் குறைவாகவும் இருப்பது உண்டு. மண், மழை, அறுப்புக் காலம் என்று காரணம் சொல்வது வழக்கம். இந்தப் பட்டியலில் இப்போது இன்னொரு பெயரும் சேர்ந்திருக்கிறது: செடிக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியா.

உள்ளே இருப்பதை வெளியே இருப்பதிலிருந்து பிரிப்பதுதான் இதில் பெரிய பாடு. இலையை ஓடும் நீரில் கழுவுவார்கள். ஆல்கஹாலில் முக்குவார்கள். பிறகு துணி வெளுக்கும் பிளீச்சின் சரக்கான சோடியம் ஹைபோகுளோரைட்டில் சில நிமிடம். அதன்பின் கிருமி நீக்கிய நீரில் மறுபடி மறுபடி அலசல். கடைசியாக அலசிய தண்ணீரைக் கொட்டிவிடமாட்டார்கள். அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் வளர்த்துப் பார்ப்பார்கள். அதில் எதுவும் முளைக்காமல், அரைத்த இலையிலிருந்து மட்டும் முளைத்தால், அது உள்ளே குடியிருந்த ஆள்தான்.

லக்னோவின் மத்திய மருத்துவ, நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இப்படிப்பட்ட உள்வாசிகளை நித்தியகல்யாணியிடமே திரும்பக் கொடுத்துப் பார்த்தது. 2013-இல் வெளியான முடிவின்படி, ஸ்டஃபைலோகாக்கஸ் ஸ்கியூரி, மைக்ரோகாக்கஸ் ஆகிய பாக்டீரியாக்களைப் பெற்ற செடிகளில் வின்டோலின், அஜ்மாலிசின், செர்பென்டைன் மூன்றும் கூடின. வின்டோலினும் காதரந்தினும் இணைந்தால்தான் வின்பிளாஸ்டின்.

கரிசல்காரருக்கு இதைவிட நெருக்கமானது சிதம்பரத்துச் சோதனை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையினர் 2007-இல் வெளியிட்டது. தொட்டியில் வளர்த்த நித்தியகல்யாணிக்கு 10, 15, 20 நாள் இடைவெளியில் மட்டும் தண்ணீர் காட்டினார்கள். வாடிய செடியில் அஜ்மாலிசின் ஏறியது, ஆனால் செடி சுருங்கியது. சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் என்ற பாக்டீரியாவைக் கொடுத்த செடிகளிலோ எடையும் கூடியது, அஜ்மாலிசினும் கூடியது. சூடோமோனாஸ் பெரும்பாலும் வேரையும் வேரடி மண்ணையும் ஒட்டி வாழ்வது; அதன் சில வகைகள் வேருக்குள்ளும் நுழைந்துவிடும்.

இது எப்படி நடக்கிறது? வாசலில் ஆள் அரவம் கேட்டால் நாய் குரைக்கிறது. வந்தவர் உறவா திருடனா என்பது பிறகு. செடியும் அப்படித்தான். பாக்டீரியா நுழைந்ததும் ஜாஸ்மோனிக் அமிலம் போன்ற எச்சரிக்கைப் பொருள்கள் ஓடுகின்றன, அஜ்மாலிசின், வின்டோலின் போன்ற ஆல்கலாய்டுகளைத் தயாரிக்கும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ஆட்டை விரட்டும் கசப்பும் அதே பட்டறைச் சரக்குதான்.

வெட்டிவேரின் கதை இன்னும் விசித்திரம். இத்தாலிய ஆய்வாளர்கள் 2008-இல் அந்த வேரின் எண்ணெய்ச் செல்களில் பாக்டீரியாவைக் கண்டார்கள். வெட்டிவேர் எண்ணெயை மட்டும் உணவாகக் கொடுத்தபோது, அவை அதைத் தின்று வேறு வாசனைப் பொருள்களாக மாற்றி வெளியே விட்டன. ஆக, பானைத் தண்ணீரில் மணப்பது வேர் மட்டும்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

இதற்காக நாளைக்கே எல்லோரும் பாக்டீரியா வாங்க ஓட வேண்டியதில்லை. தொட்டியில் பலித்தது காட்டில் பலிக்கும் என்று சொல்வதற்கில்லை. கரிசலில் ஏற்கெனவே குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் புதிதாக வந்தவரை எளிதில் இடம்பிடிக்க விடுவதில்லை.

ஆனாலும் சூடோமோனாஸ் இங்கே புதிய சரக்கு இல்லை. உளுந்து விதைக்கும்போது கிலோவுக்கு 10 கிராம் என்று டால்க் தூளாகக் கலந்து விதைநேர்த்தி செய்பவர்கள் உண்டு. நித்தியகல்யாணி விதை பொடியானது. கைக்கு அடங்காது என்பதால் மணலோடு கலந்து தூவுவார்கள். அந்த மணலில் ஒரு பொட்டலத் தூளைச் சேர்ப்பது பெரிய செலவில்லை. சிக்கல் தராசில் இருக்கிறது: வேர் மூட்டையை எடைபோட்டு மட்டும் வாங்கினால், கூடுதல் எடைக்குக் காசு வரும், கூடிய அஜ்மாலிசினுக்கு யார் தருவார்? சத்தை அளந்து விலை சொல்லும் ஏற்றுமதிக் கிடங்குகளுக்கு அடுத்த வாரம் போகலாம்.

(தொடரும்)