கடல் ஆடியது, அவர்கள் சீட்டு ஆடினார்கள்

பாசிக்குடாவில் குளிக்க வருகிறவர்களுக்குக் கடல் மயக்கம் வருவது அரிது. முருகைக்கல் பார் அலையைத் தடுத்துவிடுவதால் வெகுதூரத்துக்கு இடுப்பளவு தண்ணீர்தான். பக்கத்தில் வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் போகிறவர்கள் காண்பது வேறு கடல். கொழும்பிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களில் சிலரோ கடலைக் காண முன்பே, தேசிக்காயை மூக்கில் பிடித்தபடி சத்தியெடுத்து ஓய்ந்திருப்பார்கள். வயிறு சரியில்லை, மனதில் தைரியம் இல்லை என்று சுற்றியிருப்பவர்கள் காரணம் சொல்வார்கள். இரண்டுமே பிழை. குமட்டல் வயிற்றில் தெரிகிறது, தொடங்குவது உட்காதில்.

இதற்கு மிக உறுதியான சான்றைத் தேடித் தந்தவர்களில் ஒருவர் ஆஷ்டன் கிரேபீல் (1902–1995). ஹார்வர்டில் படித்த இதய வைத்தியரான இவர், அமெரிக்காவின் பென்சகோலா கடற்படை வான்மருத்துவக் கூடத்தில் சேர்ந்து, மனிதன் எப்படி நிலைதடுமாறுகிறான் என்பதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். விண்வெளிப் பயணம் நெருங்கிய 1950களின் கடைசியில், காது கேளாதோர் படிக்கும் காலடெட் கல்லூரியோடு தொடர்புடைய, காது கேளாத 11 ஆண்கள் அவருடைய ஆய்வுக்கு வந்தார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் சிறுவயதில் மூளைக்காய்ச்சலால் கேட்கும் சக்தியை இழந்தவர்கள். அந்த நோய் செவியோடு நில்லாமல் உட்காதின் சமநிலை உறுப்பையும் அழித்திருந்தது. அவர்களில் நான்கு பேர் மெதுவாகச் சுழலும் 20 அடி அறைக்குள் 12 நாள் தொடர்ந்து வாழ்ந்தார்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கரைக்கப்பால் கொந்தளித்த கடலில் நடந்ததுதான் இன்னும் வேடிக்கை. ஆய்வாளர்கள் குமட்டல் தாங்காமல் சோதனையையே கைவிட்டார்கள். சோதிக்கப்பட வந்தவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கு மட்டும் வயிறு இரும்பாலானதா, தைரியம் கூடுதலா? இல்லாதது உட்காதின் சமநிலை உறுப்பு மட்டுமே. உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1882இலேயே இதைத் தொட்டிருந்தார்: காது கேளாத 519 பேரில் 186 பேருக்குச் சுற்றிவிட்டாலும் தலைச்சுற்றே வரவில்லை.

அந்த உறுப்பு சிறியது. திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதை உணரும். அவற்றுக்கருகில் உள்ள இரண்டு பைகளில், நுண்ணிய சுண்ணக்கற்கள் சாய்வையும் வேக மாற்றத்தையும் உணர்த்தும். பஸ்ஸுக்குள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கண், எதுவும் அசையவில்லை என்கிறது. உட்காது அசைவைச் சொல்கிறது. இந்த முரணால்தான் மயக்கம் என்பது வழக்கமான விளக்கம். அப்படியானால் பார்வையற்றவர்களுக்கு வரக்கூடாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அவர்களுக்கும் வருகிறது. ஆகவே கண்ணுக்கும் காதுக்கும் இடையிலான சண்டை என்று மட்டும் சொன்னால் போதாது. மூளை எதிர்பார்க்கும் அசைவுக்கும் வந்துசேரும் அசைவுக்கும் உள்ள பொருத்தமின்மையே காரணம் என்று கொண்டால் மற்றவையும் விளங்குகின்றன. வளைவு வருவதை முன்பே அறிந்து திருப்புகிற சாரதிக்கு மயக்கம் அரிது, பின்சீட்டில் இருப்பவருக்குத்தான் வருகிறது. கடலில் பல நாள் இருந்து பழகியவருக்குக் கரையிறங்கியதும் தரை ஆடுகிறது. 1973இல் ஸ்கைலாப் விண்நிலையத்தில் கிரேபீல் நடத்திய சுழல்நாற்காலிச் சோதனையிலும், எடையற்ற நிலைக்குப் பழகிய வீரர்கள் பூமியில் தங்களைக் குமட்டவைத்த அசைவுகளை எளிதாகத் தாங்கினார்கள்.

அசைவு பொருந்தாவிட்டால் ஏன் சத்தி வரவேண்டும்? மூளை இதை நஞ்சுண்ட அறிகுறியாகத் தவறாக எண்ணி வயிற்றைக் காலிசெய்கிறது என்று 1977இல் உளவியலாளர் மிஷெல் ட்ரீஸ்மன் சொன்னார். அழகான ஊகம், ஆனால் ஊகம்தான். உடல் நிமிர்ந்து நிற்கும் கட்டுப்பாடு குலைவதே மூலம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. மனதுக்குப் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது: பயமும் டீசல் மணமும் குமட்டலைக் கூட்டும். அவற்றால் மட்டும் வருவதாயிருந்தால், நோவா ஸ்கோஷியாக் கடலில் சீட்டு விளையாடியவர்களுக்கும் வந்திருக்கவேண்டும்.

பஸ்ஸில் பிள்ளை சத்தியெடுத்தால் ஏசுவதில் பயனில்லை. முன்சீட்டைக் கொடுங்கள், போனை வாங்கி வையுங்கள், தூரத்து வீதியைப் பார்க்கச் சொல்லுங்கள். பயணமே இல்லாமல் தலைசுற்றினால், அதோடு காதும் மந்தமானால், தேசிக்காயை நம்பியிராமல் காது வைத்தியரிடம் காட்டுங்கள்.